பிறேக்கில் இருந்த கை

கோப்பாய்
11.02.1984

சிசிலியா என்று எழுதுவதா, கனிசியஸ் என்று எழுதுவதா என்று தெரியாமல் காலையிலிருந்து இந்தத் தாளோடு இருக்கிறேன். கடைசியில் பெயர் இல்லாமலே தொடங்கிவிட்டேன். குறை நினைத்தால் நினை.

நேற்றுச் சந்நிதி முருகன் கோயிலில் உன்னை விட்டுவிட்டு எழும்பிப் போனதற்கு மன்னிப்புக் கேட்க எழுதுகிறேன் என்று எண்ணாதே. கச்சான் கடலைச் சரையைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "மகா, நான் பிறக்கேக்கை பொம்பிளைப் பிள்ளையாப் பிறக்கேல்லை. பதினேழு வயசு மட்டும் குருநகரிலை எனக்குக் கனிசியஸ் எண்டுதான் பேர்." கச்சானில் ஒன்று சொத்தை என்று சொல்வது போலச் சொன்னாய். ஐந்து மாதமாக வல்லை வெளியில் உன்னோடு சைக்கிள் ஓடிப் பழகியிருக்கிறேன். ஒரே போத்தலில் தண்ணீர் குடித்திருக்கிறேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட அன்று நீதான் எண்ணெய் போட்டு உருவிவிட்டாய். நேற்று வீட்டுக்கு வந்து கிணற்றடியில் அந்தக் காலைக் கழுவினேன். பொய் சொல்ல எனக்கு வராது, கழுவினேன்.

ஆனால் அதைவிட மோசமான எண்ணம் ஒன்று வரும் வழியில் நீர்வேலி தாண்டும்போதே வந்துவிட்டது. அப்படியென்றால் அந்தச் சைக்கிள்?

எங்கள் வாசிகசாலை ஆண்டுவிழாவில் பெண்களுக்கு இவ்வளவு காலமும் சங்கீதக் கதிரையும் ஊசிக்கு நூல் கோப்பதும்தான். வல்லைப் பாலம் வரை போய்த் திரும்புகிற சைக்கிள் ஓட்டம் எங்களுக்கும் வேண்டும் என்று தலைவர் சண்முகநாதன் மாஸ்டரின் வாசலில் இரண்டு வருடமாகப் போய் நின்றவள் நான். "பெட்டையள் றோட்டிலை பறந்தால் ஊர் என்ன சொல்லும், பிள்ளை?" என்று சிரித்தவர், லண்டனிலிருந்து ஆரோ ஒரு புது லேடீஸ் சைக்கிள் பரிசாகத் தருவதாகச் சொன்ன பிறகுதான், அயலூர்ப் பெண்களும் ஓடலாம் என்று இறங்கி வந்தார். எங்கள் வீட்டில் இருக்கிற இரண்டு சைக்கிளும் ஐயாவுக்கும் அண்ணைக்கும். யாழ்ப்பாணம் ரவுணில் தட்டெழுத்து வகுப்புக்குப் போகக் கேட்டபோது அண்ணை சொன்னார்: "இந்தக் காலத்திலை பஸ்ஸை நம்பி உன்னை விடேலாது. உனக்கெண்டு ஒரு சைக்கிள் வந்தால் போ." அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அண்ணையின் சைக்கிளை இரவல் வாங்கிக் காற்றோடு மல்லுக்கட்டினேன்.

தை இருபத்தொன்பதாம் திகதி அரைச் சில்லு வித்தியாசத்தில் நீ முதலாவது, நான் இரண்டாவது. அழுதுகொண்டே உன் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன், வென்றவள் என் சிநேகிதி என்று.

சின்ன வயதிலிருந்து ஆண்களோடு கரைவலை இழுத்து வளர்ந்த உடம்பு உன்னுடையது. எலும்பு அப்படி, மூச்சு அப்படி. உன் மனது பெண் என்று சொன்னால் பெண்ணாக இரு, நான் மறிக்கவில்லை. பெடலுக்கு மனது தெரியுமா? ஒரு கிழமைக்குள் சைக்கிளை வாசிகசாலையில் கொடுத்து, முதலாமிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

மகாதேவி

*

தொண்டைமானாறு
16.02.1984

அன்புள்ள மகா,

சிசிலியா என்றே எழுது. மற்றப் பெயர் குருநகர்க் கோவிலில் ஞானஸ்நானப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, அதைச் சுவாமியார் பார்த்துக்கொள்வார்.

நீ கால் கழுவியதை வாசித்தேன். அன்று உன் காலில் ஆட்டுப்புழுக்கை ஒட்டியிருந்தது, அதோடுதான் நான் உருவிவிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரிக்கமாட்டாய் என்று தெரியும். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

பதினேழாவது வயதில் அப்பா என்னை மீன்வாடிக்குள் பூட்டிவைத்து அடித்தார். யசிந்தா சின்னம்மா வந்து பூட்டை உடைத்துத்தான் இங்கே கூட்டிக்கொண்டு வந்தார். தன் பாவாடை சட்டை ஒன்றைத் தந்தார். அடுத்த நாள் சந்தையில் மீன் விற்கும்போது கேட்டவர்களுக்கு "அக்கான்ரை மகள்" என்று ஒரே சொல் சொன்னார். அவருடைய வாய்க்குப் பயந்து ஒருவரும் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. ஐந்து வருடம் போய்விட்டது. ஆரும் என்னைத் திரும்பிப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கு வறளும். சைக்கிளில் இருக்கும்போது மட்டும் வறளாது.

உன்னிடம் ஏன் சொன்னேன் தெரியுமா? நீ அழுதுகொண்டே என் கையைத் தூக்கினாய். அந்த அழுகையோடு என்னால் இருக்க முடியவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். உன்னை வெல்ல நான் வரவில்லை. பாலத்தில் திரும்பியதிலிருந்து என் இடது கை பிறேக்கில்தான் இருந்தது. உனக்குப் பின்னால் வந்து இரண்டாவதாக முடிப்பது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். கோப்பாய் வளைவில் நீ என்னை முந்தி ஏறினாய், அப்போது மதகில் இருந்த ஒரு கிழவன் கத்தினான்: "பாரடா, பெட்டையள் பறக்கிறாளவை!" பெட்டைகள் என்றான், மகா. என்னையும் சேர்த்து. கை தன்பாட்டில் பிறேக்கை விட்டுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

சைக்கிளை இன்றைக்கே தருவேன். ஆனால் ஏன் தருகிறாய் என்று கேட்பார்களே, என்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் சின்னம்மாவின் மீனை இந்த ஊரில் ஒருவரும் வாங்கமாட்டார்கள். நான் எங்கே போவேன் என்று நீயே சொல்லு.

உன் சிசிலியா

*

கோப்பாய்
21.02.1984

பிறேக்கா?

உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். போடாமல் இன்னொரு தரம் வாசித்தேன், இன்னும் கோபம் வந்தது. நான் நெஞ்சு வெடிக்கப் பெடல் மிதித்துக்கொண்டு போகிறேன், நீ பின்னால் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பிச்சை போட வருகிறாய். பிறகு ஆரோ ஒரு கிழவன் கத்தினான் என்று அந்தப் பிச்சையையும் பறித்துக்கொண்டு போகிறாய். நீ ஏமாற்றி வென்றாய் என்று நினைத்திருந்தேன். அது பரவாயில்லை போல இருக்கிறது. பாதிப் பலத்தில் ஓடியே என்னை வெல்லலாம் என்று உனக்குத் தெரிந்திருந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது தெரிந்துகொண்டுதான் ஐந்து மாதமும் "மகா, இண்டைக்கு நல்லா ஓடினாய்" என்று முதுகில் தட்டினாயா? எனக்கு உன்னைப் பார்க்கவும் கூசுகிறது, என்னைப் பார்க்கவும் கூசுகிறது.

நேற்று மாஸ்டரிடம் போனேன். உன் பெயர் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன், வாயில் வரவில்லை. "மாஸ்டர், வென்ற மூண்டு பேரிலை ஒராள் பொம்பிளை இல்லை. ஆரெண்டு நான் சொல்லமாட்டன். பாத்தால் தெரியும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கமிட்டியிலை கதைக்கிறம் பிள்ளை" என்றார்.

மாஸ்டரின் ஆட்கள் உன்னிடம் வருவார்கள். அதற்கு முதல் நீயாகவே சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தால் மரியாதை. சின்னம்மாவைப் பற்றி எழுதி என்னை இளக்கப் பார்க்காதே.

மகாதேவி

*

தொண்டைமானாறு
04.03.1984

மகா,

உன் கடிதம் கிடைத்த அன்றே பையில் உடுப்பை அடுக்கி வைத்தேன். சின்னம்மா வேலைக்குப் போகவில்லை. மீன் வெட்டுகிற கத்தியைத் தீட்டி வாசலில் வைத்துக்கொண்டு இருந்தார். படலை கிரீச்சிட்டால் இரண்டு பேரும் எழும்புவோம். ஒரு தரம் ஆடு, மற்றத் தரம் தபால்காரர்.

இரண்டு கிழமை ஆகப்போகிறது. ஒருவரும் வரவில்லை. நேற்றுச் சந்தையில் உங்கள் பக்கத்து மரக்கறிக்காரி ஒருத்தி சின்னம்மாவிடம் சொன்னாளாம், "கோப்பாயிலை சைக்கிள் ஓடின பெட்டை ஒண்டைக் கொண்டுபோய்ச் சோதிச்சவையாம். காலம் கெட்டுப்போச்சு" என்று.

நான் இங்கே இருக்கிறேன். என்னை ஒருவரும் தொடவில்லை. மூன்றாவதாக வந்தவள் பள்ளிக்கூடப் பிள்ளை, மூன்றடி உயரம்.

ஆரைச் சோதித்தார்கள், மகா?

சிசிலியா

*

கோப்பாய்
12.03.1984

சிசிலியா,

என்னைத்தான்.

மாசி இருபத்தாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டரின் மனைவி பாலேஸ்வரி அக்கா வீட்டுக்கு வந்து, "வாசிகசாலையிலை ஒரு சின்ன அலுவல், வந்திட்டுப் போம் பிள்ளை" என்றார். சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். உன் பெயரைக் கேட்டால் சொல்வதா விடுவதா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். என் புத்தியை நினைத்தால் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

பழைய பேப்பர் கட்டி வைத்திருக்கிற பின் அறைக்குள் விட்டார்கள். பாலேஸ்வரி அக்காவும், ஓய்வு பெற்ற நேர்ஸ் மிஸ்ஸி ஒருவரும். ஜன்னலுக்கு மாஸ்டரின் மேசைத்துணியைக் கட்டியிருந்தார்கள். "பயப்பிடாதையும், நாங்களும் பொம்பிளையள்தானே" என்றார் மிஸ்ஸி. பாலேஸ்வரி அக்காவின் விரலில் வெங்காய மணம். மேலே எழுதமாட்டேன். விறாந்தையில் கமிட்டி ஆண்கள் பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருந்தார்கள். கோப்பையைச் சாசரில் வைக்கிற சத்தம் கேட்டது. ஆரோ இருமினார். அந்த இருமல் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து நான் வெங்காயம் உரிப்பதில்லை.

வெளியே வந்து மாஸ்டரைக் கேட்டேன், "ஏன் என்னை?" என்று. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீர்தானே பிள்ளை சொன்னீர், பாத்தால் தெரியுமெண்டு. மூண்டு பேரையும் யோசிச்சுப் பாத்தம். மற்றப் பிள்ளை சின்னன். தொண்டைமானாற்றுப் பிள்ளை கொடி மாதிரி, இடுப்பு மட்டும் தலைமயிர், தலை நிமிந்து கதைக்காது. உம்மடை தோளும் குரலும்... நீர் உள்ளுக்குள்ளை குறுகுறுத்துத்தான் வந்து சுத்தி வளைச்சுச் சொல்லுறீர் எண்டு நினைச்சம்."

தோள், சிசிலியா. எங்கள் தோட்டத்து வெங்காய மூட்டை தூக்கின தோள்.

அதோடு விட்டார்களா? என் பெயரைக் காப்பாற்றுகிறார்களாம். அன்று பின்னேரம் பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார் மாஸ்டர்: "கதிரவேலுவின் மகள் மகாதேவி முறைப்படி பரிசோதிக்கப்பட்டு, பெண் என உறுதி செய்யப்பட்டுள்ளார். வதந்திகளை நம்ப வேண்டாம்." அதுவரை கமிட்டிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அம்மா கோயில் கிணற்றடியில் குடத்தோடு நின்று கேட்டார். அச்சுவேலியில் பேசி வைத்திருந்த இடம் அடுத்த நாளே சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டது. ஐயா என்னோடு கதைப்பதில்லை. அண்ணை சைக்கிள் இரண்டையும் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்.

உனக்கு வெட்டின கிடங்கு இது. உன்னை விழுத்த முடியவில்லை என்று இன்னும் எனக்கு ஒரு மூலையில் எரிச்சல் இருக்கிறது. அதையும் எழுதிவிட்டேன். என்னைப் பார்த்து அருவருக்க இப்போது உன் முறை.

மகாதேவி

*

தொண்டைமானாறு
20.03.1984

மகா,

நேற்று வாசிகசாலைக்குப் போனேன். உனக்கு இரங்கிப் போகவில்லை. என்னை விழுத்தப் பார்த்ததற்கு உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது இருக்கட்டும். அந்தப் பின் அறையை நினைத்தால் என்னால் சாப்பிட முடியவில்லை. அது எனக்கு வரவேண்டியது, உனக்கு வந்தது. ஆருக்கும் வந்திருக்கக்கூடாது.

கமிட்டி இருந்தது. பரிசுச் சைக்கிளை விறாந்தையில் சாத்தினேன். மாஸ்டர் என்னைக் கண்டதும் கதிரை போடச் சொன்னார். நான் நின்றுகொண்டு சொன்னேன்: "மகாதேவி சொன்ன ஆள் நான்தான். நான் ஆம்பிளைப் பிள்ளையாப் பிறந்தனான். முதலாம் இடம் அவவுக்குத்தான் சேரவேணும்."

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறாய்? சிரித்தார்கள். கெட்ட சிரிப்பும் இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போல. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "சிநேகிதிக்காக இப்பிடி ஒரு பழியைத் தன்ரை தலையிலை போடுது, பாருங்கோ. இதல்லோ பெண்மை" என்றார். பாலேஸ்வரி அக்கா என் கன்னத்தைத் தடவி, "சீ, இந்த முகத்தைப் பாத்து ஆர் பிள்ளை நம்புவினம்?" என்றார். நான் சொன்னேன், அப்படியென்றால் அந்த அறைக்குள் என்னையும் கொண்டுபோங்கள் என்று. "உங்களையோ? கடவுளே!" என்று காதைப் பொத்தினார். எனக்கு ஒரு பிளேன்ரீ வந்தது. அந்தக் கோப்பைகளில் ஒன்றுதான். கையாலும் தொடவில்லை.

ஐந்து வருடமாக நான் ஆசைப்பட்டதை அந்த மனிசர் வாயால் கேட்டேன், மகா. கேட்ட பிறகு அது எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இரண்டாவதாக வந்தவளுக்குக் கொடுங்கள் என்றேன். "அது சரிவராது, கதை இன்னும் பெருக்கும்" என்று உள்ளே எடுத்துப் பூட்டிவிட்டார்கள். ஆகவே அது உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

சிசிலியா

*

கோப்பாய்
02.04.1984

சிசிலியா,

நீ போன கதை எனக்கு வந்துவிட்டது. அண்ணை சொன்னார், "உன்ரை சிநேகிதி உனக்காகப் பொய் சொன்னவளாம். அப்பிடி ஒரு தங்கமான பிள்ளையோடை பழகியும் நீ இப்பிடி" என்று. நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் என்னைக் கழற்றிப் பார்க்கிறார்கள். நீ சொன்னால் கன்னத்தைத் தடவுகிறார்கள். தூ.

போனதற்கு நன்றி என்று எழுதப் பேனை வரவில்லை. ஆனால் நீ போனாய். அது எனக்குத் தெரியும்.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். ஊருக்கு வேண்டாம், கமிட்டிக்கு வேண்டாம். எனக்கு. நான் சொன்னது சரியா, இல்லை தோற்ற எரிச்சலில் உளறினேனா? உன் உடம்புக்கும் என் உடம்புக்கும் உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா, இல்லை நான் சோம்பலாகப் பழகினேனா? உன் பிறேக் எனக்கு அதைத் தெரியவிடாமல் செய்துவிட்டது.

வருடப்பிறப்பு முடிந்து இரண்டாம் ஞாயிறு, இருபத்திரண்டாம் திகதி, அம்மா சந்நிதிக்கு நேர்த்திக்கு வருகிறார். என் பெயர் துலங்க வேண்டுமாம். அவர் பஸ்ஸில், நான் அண்ணையின் சைக்கிளில். அம்மா கெஞ்சிக் கேட்டுத்தான் பூட்டு திறந்தது. விடிய வல்லைப் பாலத்தில் நில். அங்கிருந்து ஆவரங்கால் ஊர் முகப்புவரை. எதிர்க்காற்றில். உன் முழுப் பலத்தோடும் ஓடு. எனக்குப் பாவம் பார்த்தாய் என்று தெரிந்தால் இந்தப் பிறவியில் உன் முகத்தில் முழிக்கமாட்டேன்.

மகாதேவி

*

தொண்டைமானாறு
24.04.1984

மகா,

நீ ஒரு சொல்லும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டாய். அதனால் நான் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி ஓடினேன். சின்னம்மாவின் மீன்பெட்டிச் சைக்கிள், அதுவும் செயின் தளர்ந்தது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். நீ பக்கத்தில் இருப்பாய் என்று நினைத்தேன். வல்லை வெளியில் ஒரு சின்னப் புள்ளியாக வந்துகொண்டிருந்தாய். நிற்கட்டுமா என்று ஒரு கணம் நினைத்தேன். நின்றால் நீ என்னை மன்னிக்கமாட்டாய் என்று தெரிந்து, திரும்பவும் மிதித்தேன். முகப்பில் வந்து சேர்ந்து நின்றபோது எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதுதான் எனக்கு அழுகை வந்ததற்குக் காரணம். நீ நினைத்தது போல வென்ற சந்தோசம் இல்லை.

நீ உளறவில்லை. சோம்பலாகப் பழகவும் இல்லை. உன்னைப் போல மாடாய் உழைத்த ஒருத்தியை நான் கண்டதில்லை. அந்தச் சைக்கிள் உன்னுடையதுதான்.

இனிப் பெண்கள் ஓட்டத்தில் நிற்கமாட்டேன். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஆனால் ஆண்கள் வரிசையில் போய் நில் என்று ஆரும் எனக்குச் சொல்லவேண்டாம். அந்தப் பெயரைக் கூப்பிட்டு, அந்தக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு அதில் நிற்பதைவிட வாடிக்குள் பூட்டுப்பட்டுக் கிடக்கலாம். ஆக எனக்கு ஓட்டமே இல்லை. உனக்குச் சரியானது எனக்கு இப்படித்தான் முடிகிறது. அதில் உன் பிழை இல்லை, என் பிழையும் இல்லை. ஆனால் எனக்கு நோகிறது. அதையும் ஒருக்கால் நினைத்துப் பார்.

சிசிலியா

*

கோப்பாய்
18.02.1985

அன்புள்ள சிசிலியா,

பத்து மாதமாக எழுதவில்லை. வல்லையில் அன்று முகப்பில் நின்று நீ அழுததைப் பார்த்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் திரும்பினேன். அதற்குப் பிறகு தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நான் சொன்னது சரி. சொன்ன விதம் ஊத்தை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எப்படி எழுதுவது என்று இன்றைக்கும் தெரியாது.

நேற்று வாசிகசாலை ஆண்டுவிழா. ஒரு கிழமைக்கு முதல் மதிலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெண்களுக்கான சைக்கிள் ஓட்டம் நிறுத்தப்பட்டது. றோட்டில் ஆமிக்காரர் ட்றக்கில் வருகிறார்களாம், அது ஒரு சாட்டு. ஆண்களின் ஓட்டம் அதே றோட்டில்தான் நடந்தது. எங்களுக்கு இந்த முறை மைதானத்துக்குள் 'மெதுவாகச் சைக்கிள் ஓடுதல்'. சுண்ணாம்புக் கோட்டுக்குள், கால் நிலத்தில் படாமல், எவ்வளவு மெதுவாக ஓடலாமோ அவ்வளவு மெதுவாக. கடைசியாக வருகிறவளுக்குப் பரிசு. பரிசு என்ன தெரியுமா? உள்ளே பூட்டி வைத்த அதே சைக்கிள். சில்லுக் கம்பியெல்லாம் துருவேறிக் கறள். துடைத்து, ஹாண்டிலில் றிபன் கட்டி வைத்திருந்தார்கள்.

நோட்டீசைக் கண்ட அன்று மதிலில் துப்பிவிட்டு வந்தேன். பிறகு அண்ணையிடம் போய், போன வருடம் சொன்ன சொல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "ஓம், இருக்குது" என்றார். பெயர் கொடுத்தேன்.

சேலை கட்டினேன். பூ வைத்தேன். மேல் உதட்டு மயிரைக்கூட நூல் போட்டு எடுத்துவிட்டார் அம்மா. விசில் ஊதியதும் மற்றப் பெட்டைகள் தடுமாறி விழுந்து சிரித்தார்கள். நான் இரவல் லேடீஸ் சைக்கிளின் பிறேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக, நத்தை மாதிரிப் போனேன். வல்லைக் காற்றோடு ஓடிப் பழகிய கால் அதற்கும் உதவியது. முழு மைதானமும் கைதட்டியது. மாஸ்டர் ஒலிபெருக்கியில், "எங்கடை மகாதேவி எவ்வளவு நிதானம், எவ்வளவு பொறுமை!" என்றார். பாலேஸ்வரி அக்கா என் கன்னத்தைத் தடவினார். வெங்காய மணம். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

முதல்தரம் முழு மூச்சோடு ஓடி இரண்டாவதாக வந்தேன், அறைக்குள் கொண்டுபோனார்கள். நேற்று எல்லோருக்கும் பின்னால் வந்தேன், ஒருவரும் என் தோளைப் பார்க்கவில்லை. கடைசியாக வருகிறவளை ஆரும் ஆம்பிளை என்று சொல்லமாட்டார்கள், சிசிலியா.

சைக்கிளை எடுத்துக்கொண்டுதான் வந்தேன். எனக்கு ரோசம் இல்லை என்று நினைத்தால் நினை. எச்சில் பீங்கானைத் தொட்டது போல இருக்கிறது, ஆனால் வருகிற திங்கட்கிழமை தட்டெழுத்து வகுப்பு தொடங்குகிறது. றிபனைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன்னோடு இனிப் போட்டிக்கு நிற்கமாட்டேன். அது எனக்கு நியாயமில்லை, உனக்கும் தெரியும். ஆனால் உன்னோடு ஓடுவேன். அது வேறு. ஞாயிறு விடிய, ஆமி ட்றக் வராத நேரம் பார்த்து வல்லைப் பாலத்துக்கு வருகிறேன். இந்தக் கறள் பிடித்த சனியனில் நீயும் ஒருக்கால் ஏறி ஓடு, உனக்கும் இதில் பங்கு இருக்கிறது. முன்னால் போ, புள்ளியாகப் போ, நான் என் வேகத்தில் பின்னால் வருகிறேன்.

பிறேக்கில் மட்டும் கை வைத்தாயோ, கொன்றுபோடுவேன்.

உன் மகா